ஒரே வீட்டில் இரண்டு சர்க்கரை: யாருக்கு எந்த வழி?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், வீட்டுக்குள் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழ்ந்து பழகிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டாள். சென்ற மாசி மாதம் அந்த வீட்டில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய் என்று முடிவு வந்தது. அக்காவின் கணவருக்கு, நான் மச்சான் என்று அழைப்பவருக்கு, பனை மட்டையின் கருக்கு கிழித்த காயம் ஒன்று கணுக்காலுக்கு மேலே நாற்பது நாளாகியும் வாய் மூடாமல் இருந்தது. அதைக் காட்டப் போன இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8.9 என்று வந்தது. அவருடைய தாயாருக்கு, எனக்கு அத்தை முறை, இரண்டு மாதமாக இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தன. சளிப் பரிசோதனையில் காசநோய் தெரிந்தது. காசநோய் தெரிந்தவர்களுக்குச் சர்க்கரையும் பார்க்க வேண்டும் என்ற முறைப்படி பார்த்ததில் அவருடைய எச்பிஏ1சி 10.4.

மச்சானுக்கு வயது 49, எடை 88 கிலோ, முழங்கைகளிலும் முட்டிகளிலும் ஏழெட்டு ஆண்டுகளாகச் சொரியாசிஸ் என்னும் தோல்நோய். அத்தைக்கு வயது 67, எடை 36 கிலோ. இருவரும் திண்ணையில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தபோது மச்சான் என்னிடம் கேட்டார்: "மாப்பிள்ளை, அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நோய்தானே. ஒரே மருந்து, ஒரே சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் உங்கள் அக்காவுக்கும் வேலை மிச்சம் அல்லவா?"

நான் மருத்துவன் அல்லன். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிப்பவன். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவர் முன்னால் வைக்கும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்து அதில் ஆறு மாதம் நிற்க வேண்டியவர்கள் வீட்டார். சர்க்கரை அளவைக் குறைப்பதில் எல்லா வழிகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும், உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களிடம் அவை ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நால்வரில் ஒருவருக்கு என்னும்போது, ஒரே கூரையின்கீழ் பருத்தவர் ஒருவரும் மெலிந்தவர் ஒருவரும் நோயாளிகளாக இருப்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததாக இருக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், பசிக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது புரியாமல் இந்த ஒப்பீட்டைச் செய்யவே முடியாது. நம் இரத்தத்தில் சுற்றும் டி செல்கள் என்னும் எதிர்ப்பணுக்கள் வேலையில்லாத நேரத்தில் மிகக் குறைந்த எரிபொருளில் காலம் தள்ளுபவை. கிருமியை அடையாளம் கண்டுகொண்ட பிறகு ஒரு செல் சில நாட்களில் ஆயிரக்கணக்கான செல்களாகப் பெருக வேண்டும். அப்போது அது குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் வாயில்களைத் தன் உறைமீது நிறையத் திறந்து, வேகமாகச் சர்க்கரையை எரிக்கத் தொடங்குகிறது. தாக்கும் படைக்கு இப்படிச் சர்க்கரை வேண்டும். அந்தப் படையை அளவோடு நிறுத்திவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கொழுப்பை எரித்தே பெரும்பாலும் வாழ்ந்துகொள்ளும். ஆகவே உடலில் கையிருப்பு எவ்வளவு என்ற செய்தி இந்தச் செல்களுக்கு எட்டியாக வேண்டும். வீட்டில் நெல் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் தூதுவர்கள்தாம் லெப்டின், இன்சுலின் முதலிய வளர்சிதை மாற்ற ஹார்மோன்கள்.

லெப்டினை 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டறிந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் இந்த ஹார்மோன், கொழுப்பு மிகுந்தால் மிகும். பட்டினி கிடந்தால், கொழுப்புக் கரையும் வேகத்தைவிடப் பன்மடங்கு வேகமாக விழும். முதலில் இதைப் பசியடக்கும் ஹார்மோன் என்றே எண்ணினார்கள். 1998இல் கிரஹாம் லார்டும் அவருடைய சகாக்களும் இலண்டனில் செய்த சோதனை இந்த எண்ணத்தை விரித்தது. 48 மணி நேரம் பட்டினி போட்ட எலிகளில் டி செல்களின் எதிர்வினை மங்கிப்போனது. அதே பட்டினியில் லெப்டினை மட்டும் ஊசியாகக் கொடுத்தபோது, உணவு கொடுக்காமலேயே எதிர்வினை மீண்டது. பஞ்சகாலத்தில் பசியால் செத்தவர்களைவிடத் தொற்றால் செத்தவர்கள் ஏன் மிகுதி என்ற பழைய கேள்விக்கு, மூலக்கூறு அளவில் கிடைத்த முதல் தெளிவான விடைகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். அவர்களுக்குப் பசி அடங்குவதே இல்லை, மிதமிஞ்சிப் பருத்துவிடுகிறார்கள். ஆனால் உடலில் இத்தனை கொழுப்பு இருந்தும், அவர்களுடைய டி செல்கள் பட்டினி கிடப்பவரின் செல்களைப்போல எண்ணிக்கையிலும் வேகத்திலும் குன்றி நிற்கின்றன; தொற்றுகள் அடிக்கடி வருகின்றன. லெப்டின் ஊசி கொடுத்தபோது எடையும் குறைந்தது, டி செல்களும் தேறின. கொழுப்பு இருப்பது போதாது, இருக்கிறது என்ற செய்தியும் போய்ச் சேர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் எனக்குக் காட்டவில்லை.

இனி எதிர்ப்பக்கம். கொழுப்பு அளவுக்கு மீறினால் செய்தி கூச்சலாக மாறுகிறது. மெலிந்த எலியின் வயிற்றுக் கொழுப்பில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் நிறைந்திருப்பதும், எலி பருத்தால் அவை மறைந்துபோவதும் 2009இல் தெரியவந்தன. அவை விலகிய இடத்தில் பெருவிழுங்கிகள் என்னும் மேக்ரோபேஜ் செல்கள் கூட்டமாக வந்து, செத்த கொழுப்புச் செல்களைச் சுற்றி வளையமாக அமர்ந்துகொள்கின்றன. அவை சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 ஆகிய பொருட்கள் அழற்சியை மூட்டுகின்றன. டிஎன்எஃப் இன்சுலினின் வேலையையும் தடுக்கிறது என்பது 1993இலிருந்தே அறிந்த செய்தி. லெப்டின் மிகும்போது தாக்கும் படைக்கு ஊக்கம், அடக்கும் படைக்குத் தளர்ச்சி. உடல் பருத்தால் குறையும் இன்னொரு கொழுப்பு ஹார்மோனான அடிபோனெக்டின் அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது. அதுவும் இல்லாமல் போகிறது. மச்சானின் முழங்கையில் வெள்ளிச் செதிலாக உதிரும் சொரியாசிஸிலும் டிஎன்எஃப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. கடுமையான சொரியாசிஸுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசியே ஒரு மருந்து.

இந்த இடத்தில்தான் மச்சானின் கேள்விக்கு விடை தொடங்குகிறது. மகனின் தோலைச் சிவக்க வைக்கும் அதே டிஎன்எஃப்தான் தாயின் நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி கட்டுகிறது. டிஎன்எஃப் தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தெழுந்தது என்று 2001இல் கண்டறிந்த பிறகு, அந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமானது. மகனுக்குத் தணிக்க வேண்டிய தீயை, தாய்க்கு ஊதி வளர்க்க வேண்டியிருக்கிறது. இருவரின் இரத்தத்திலும் சர்க்கரை மிகுதி என்பது மட்டுமே பொது. மிகுந்த சர்க்கரை, நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களின் நடையையும், கிருமியை விழுங்கிக் கொல்லும் திறனையும் மந்தமாக்குகிறது. கணுக்கால் காயம் ஆறாததற்கும், நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காக உயர்வதற்கும் இது ஒரு காரணம். ஆகவே சர்க்கரையை இருவருக்குமே குறைக்க வேண்டும். எந்த வழியில் குறைப்பது என்பதில்தான் பாதை பிரிகிறது.

முதல் வழி, உணவைக் குறைத்து எடையைக் குறைப்பது. மச்சானைப் பொறுத்தவரை இதைவிட ஆழமாக வேலை செய்யும் வழி இல்லை என்பதே என் கருத்து. ஏனெனில் மற்ற வழிகள் கூச்சலின் விளைவைக் குறைக்கின்றன. இது கூச்சலிடும் திசுவையே சுருக்குகிறது. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், சில மாதங்கள் நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் கொடுத்து எடையைக் குறைத்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓர் ஆண்டு முடிவில் மாத்திரையில்லாமலே நீரிழிவு விலகி நின்றது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் இது 86 விழுக்காடு. நம் பக்கத்துச் சான்று வேண்டுமென்றால், சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. நடையும் உணவு மாற்றமும் நோய் வருவதை 28.5 விழுக்காடு குறைத்தன. சிறிய அளவு மெட்ஃபார்மின் 26.4 விழுக்காடு குறைத்தது. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

கடைப்பிடிப்பதுதான் கடினம். அக்கா வீட்டில் மூன்று வேளையும் மட்டை அரிசிச் சோறோ அரிசிப் பலகாரமோதான். நான்கு மணித் தேநீருக்கு நேந்திரப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி. மட்டை அரிசி சிவப்பாக இருப்பதால் எவ்வளவு தின்றாலும் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. தவிடு ஓரளவு நன்மை செய்யும் என்பது உண்மையே. ஆனால் தட்டு நிறையக் குவித்தால் அந்த நன்மை கரைந்துவிடும். சாப்பிட்ட பின் மச்சானின் விரலில் குத்தி நானே அளந்து பார்த்தேன். வழக்கமான தட்டுக்கு 261. அரைத்தட்டுச் சோறு, இரண்டு மத்தி மீன், கூடுதலாகப் பயறுத்தோரன் என்று மறுநாள் மாற்றிய வேளைக்கு 188. அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு அவரிடம் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

இதே வழியை அத்தைக்குச் சொன்னால் அது கொடுமையாக முடியும். அடுத்த தோட்டத்துக்காரர் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்: "பதினாறு மணி நேரம் பட்டினி போடுங்கள், சர்க்கரையும் இறங்கும், டி.பி.யும் காய்ந்துபோகும்." பட்டினியால் சர்க்கரை இறங்கும் என்பதில் பொய் இல்லை. ஆனால் 36 கிலோ உடம்பில் லெப்டின் முன்பே அடிமட்டத்தில்தான் இருக்கும். அதையும் வீழ்த்தினால், கிருமியோடு போரிடும் டி செல்களுக்குக் களஞ்சியம் காலி என்ற செய்திதான் போகும். உணவு கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே மிகச் சிறந்த சான்று இருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், காசநோயாளிகளுக்கு நாளுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரும் உணவுப் பை கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடையில் 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களோடு வசித்த வீட்டாருக்கும் ஓரளவு உணவு கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. மருந்தைச் சேர்க்காமல், அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் இவற்றால் கிடைத்த பாதுகாப்பு அது. அத்தைக்கு ஐந்து விழுக்காடு என்பது 1.8 கிலோ. இந்த எண்ணைத்தான் நான் அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது வழி மெட்ஃபார்மின். நீரிழிவுக்கு உலகெங்கும் முதலில் எழுதப்படும் மாத்திரை. பிரான்சில் ழான் ஸ்டெர்ன் 1957இல் இதன் பயனை வெளியிட்டார். கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி செய்து வெளியே விடுவதை இது குறைக்கிறது, தனியாக உட்கொண்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடுவது அரிது, எடையைக் கூட்டாது. செல்லுக்குள் எரிபொருள் குறைகிறது என்று உணர்த்தும் ஏஎம்பிகே என்னும் நொதியை இது தூண்டுவதால், தாக்கும் டி செல்களின் வேகம் தணிந்து, ஒழுங்குபடுத்தும் பக்கத்துக்குத் தராசு சாய்கிறது என்று சோதனைக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். மச்சானுக்கு இது இரு வகையில் பொருந்தும். விலை மிகக் குறைவு என்பது மூன்றாவது பொருத்தம்.

அத்தைக்கு இது பொருந்துமா என்பதை நான் நெடுநேரம் யோசித்தேன். மெட்ஃபார்மின் செல்களுக்குள் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமியைச் செல்லே செரித்து அழிக்க உதவக்கூடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. அதைச் சோதிக்க, சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நீரிழிவு இல்லாத காசநோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு மெட்ஃபார்மினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. சளியிலிருந்து கிருமி விரைவாக மறையவில்லை. அழற்சியின் அடையாளங்கள் மட்டும் குறைந்தன. வயிற்றுத் தொல்லை கூடியது. ஆகவே காசநோய்க்காக இதைக் கொடுக்கும் நியாயம் இல்லை. சர்க்கரைக்காகக் கொடுக்கலாம், ஆனால் பசியைக் குறைப்பதும் குமட்டுவதும் இதன் வழக்கம். ஏற்கெனவே காசநோய் மாத்திரைகளால் வாய் கசந்து, கஞ்சியைக்கூடப் பாதியில் தள்ளிவைக்கும் ஒருவருக்கு முதல் இரண்டு மாதத்தில் இதைக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை; மருத்துவரும் அதையே சொன்னார். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இது கூடாது. பல ஆண்டுகள் உட்கொள்பவர்கள் பி12 வைட்டமின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியான இன்சுலினைப் பற்றி எங்கள் பக்கத்தில் இருக்கும் அச்சத்தை முதலில் சொல்ல வேண்டும். ஊசிக்குப் போய்விட்டார் என்றால் கதை முடிந்தது என்ற பொருளில்தான் பேசுகிறார்கள். அத்தையும் அழுதார். ஆனால் எதிர்ப்பணுக்களின் பார்வையிலிருந்து கண்டால், மெலிந்த காசநோயாளிக்கு இன்சுலினைப்போலப் பொருந்தும் மருந்து இல்லை. ஓய்வில் இருக்கும் டி செல்லில், இன்சுலினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அரிதாகவே இருக்கும். கிருமியைக் கண்டு விழித்துக்கொண்ட செல்லில்தான் அவை முளைக்கின்றன என்பதை 1978இலேயே கண்டிருக்கிறார்கள். அந்த ஏற்பியை நீக்கிய டி செல்கள் உள்ள எலிகள் இன்ஃபுளுவென்சாவை எதிர்கொள்ளத் திணறின என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. விழித்தெழுந்த படைக்கு உணவை எடுத்துக்கொள் என்று உத்தரவு கொடுக்கும் ஹார்மோன் இது. தசையும் கொழுப்பும் கட்டும் ஹார்மோனும் இதுவே. எடை கூடுகிறது என்று பருத்தவர்கள் குறைசொல்லும் அதே இயல்பு அத்தைக்கு வரமாகிறது. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, சல்ஃபோனில்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகளை விரைவில் அழித்துவிடுகிறது; மாத்திரை விழுங்கியும் சர்க்கரை இறங்காது. இன்சுலினுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இதன் குறைகளை மறைக்கக் கூடாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். குளிரில் வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தோட்டத்து வீட்டில் மின்சாரம் போனால் குளிர்பெட்டி பயன்படாது. அக்கா ஒரு வழி செய்தாள். அகன்ற மண்சட்டியில் ஈரமணலைப் பரப்பி, அதன் நடுவே சிறிய மண்கலயத்தை இறக்கி, பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி அதற்குள் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்தினாள். வெளியே 37 டிகிரி இருந்த பிற்பகலில் கலயத்துக்குள் அறை வெப்பமானி 27 காட்டியது. திறந்த குப்பியை ஒரு மாதத்துக்குள் தீர்க்கும்வரை அது போதுமானதாக இருந்தது. திறக்காத குப்பிகளை மருந்துக்கடைக் குளிர்பெட்டியிலேயே விட்டுவைத்தோம்.

மச்சானுக்கு இன்சுலின் இப்போது தேவையில்லை. அவருடைய இரத்தத்தில் இன்சுலின் முன்பே மிகுதியாகத்தான் இருக்கும். கேட்கும் காதுகள்தாம் மந்தமாகியிருக்கின்றன. காயத்தில் தொற்று பரவினாலோ அறுவை சிகிச்சை வந்தாலோ அவருக்கும் சில வாரங்களுக்கு அது வேண்டியிருக்கும். அப்போது தயங்கக் கூடாது.

நான்காவது வழி, இப்போது எல்லோரும் பேசும் வாராந்திர ஊசி. உண்டபின் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப்போல நடிக்கும் மருந்துகள் இவை. கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சில் கிடைத்த ஒரு புரதத்துண்டிலிருந்து பிறந்த முதல் மருந்து 2005இல் ஒப்புதல் பெற்றது. செமாகுளூட்டைட் பிறகு வந்தது. அதன் 68 வார ஆய்வுகளில், நீரிழிவு இல்லாத பருத்தவர்களுக்கு உடல் எடையில் சராசரியாக 14.9 விழுக்காடும், நீரிழிவு உள்ளவர்களுக்கு 9.6 விழுக்காடும் குறைந்தன. குடலின் எதிர்ப்பணுக்கள் சிலவற்றில் இந்த ஹார்மோனுக்கு நேரடி ஏற்பிகள் உள்ளன. மூளை வழியாகவும் இது அழற்சியைத் தணிப்பதாக எலிகளில் கண்டிருக்கிறார்கள். 17,604 பேரை வைத்து நடந்து 2023இல் வெளியான செலக்ட் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவை சேர்ந்து 20 விழுக்காடு குறைந்தன. அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு மருந்தில்லாத ஒப்புக்கு ஊசி பெற்றவர்களைவிட 38 விழுக்காட்டளவு தாழ்ந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் நீரிழிவு இல்லாத இதயநோயாளிகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்களை மச்சானுக்குப் பொருத்த வேண்டும்.

இந்த ஊசி அவருக்கு நன்மை செய்யும் என்றே நம்புகிறேன். ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்று சொன்னேன். இதே குடும்பத்து டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று. தென்னைக்கும் நிலக்கடலைக்கும் விலை நிலையில்லாத வீட்டில், இடையில் நிறுத்த வேண்டிய நிலை வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொழுப்பு திரும்பினால் அழற்சியும் திரும்பும். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் புரதமும் உடற்பயிற்சியும் சேர வேண்டும். அத்தைக்கு இந்த ஊசியைப் பற்றிப் பேசவே கூடாது. பசியை அடக்கி எடையைக் குறைக்கும் மருந்தை 36 கிலோ காசநோயாளிக்குக் கொடுப்பது, தேறி வரும் படைக்கு அடுப்பை அணைப்பது போல.

யாரும் எழுதிக் கொடுக்காமலே மச்சான் இடையில் தேர்ந்துகொண்ட ஒரு வழியையும் சொல்லியாக வேண்டும். சொரியாசிஸ் அரிப்புத் தாங்காமல், ஒரு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைச் சில மாதங்களாக விட்டுவிட்டு விழுங்கியிருக்கிறார். அட்டையைப் பார்த்தேன்; ஸ்டீராய்டு. நம் உடல் விடியற்காலையில் மிகுதியாகச் சுரக்கும் கார்ட்டிசாலின் வலிமையான உறவினர் அது. எதிர்ப்பணுக்களைச் சில மணி நேரத்தில் அடக்கிவிடும்; 2020இல் கடுமையான கோவிட் நோயாளிகளின் உயிரைக் காத்தது இந்த வகை மருந்தே. ஆனால் அது சர்க்கரையை ஏற்றும், காயம் ஆறுவதைத் தடுக்கும், வீட்டில் காசநோய் இருக்கும்போது உள்ளே கிருமி இருந்தால் அதற்குக் கதவைத் திறந்துவிடும். திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் முன்னைவிடக் கடுமையாக வெடிக்கவும் கூடும். நாற்பது நாள் ஆறாத காயத்துக்குப் பனங்கருக்கைவிட அந்த அட்டைக்குப் பங்கு மிகுதி என்று நினைக்கிறேன். எவ்வளவு நாள், எத்தனை மாத்திரை என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லவைத்தோம். அவர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்.

முடிவில் ஒரே வீட்டில் இரண்டு அட்டவணைகள் ஆயின. மச்சானுக்கு மெட்ஃபார்மின், அரைத்தட்டுச் சோறு, விடிவதற்கு முன் வாய்க்கால் கரையில் நாற்பது நிமிட நடை, கால் புண்ணுக்குத் தனிக் கட்டு. அதோடு, காசநோயாளியோடு வாழ்பவர் என்பதால் மார்பு எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு தடுப்பு மருந்து. அத்தைக்கு ஆறு மாதக் காசநோய் மருந்து, காலையும் இரவும் இன்சுலின், நாளுக்கு இரண்டு முட்டை, ராகிக்களியும் நிலக்கடலை உருண்டையும் பாலும், மூன்று மணிக்கு ஒரு சிறு உணவு. காசநோயாளியின் உணவுக்கு அரசு பணம் தரும் நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவருடைய கணக்குக்கு வருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. அந்தப் பணத்தை முட்டைக்கும் கடலைக்கும் மட்டுமே செலவழிப்பது என்று அக்கா தனியாக ஒரு டப்பாவில் போட்டுவைக்கிறாள். சர்க்கரை நோயாளிக்குக் கடலை உருண்டையா என்று வந்தவர்கள் கேட்டார்கள். வெல்லத்தைக் குறைத்துப் பிடித்த உருண்டை அது. ஏறும் சர்க்கரைக்கு இன்சுலினைக் கூட்டிக்கொள்ளலாம், இறங்கும் எடைக்கு ஈடுசெய்ய வேறு மருந்து இல்லை என்று அக்காவே அவர்களுக்குப் பதில் சொன்னாள்.

இரண்டு மாதம் முடிந்த அன்று கூட்டுறவுச் சங்கத்துத் தராசில் இருவரையும் நிறுத்திப் பார்த்தோம். அத்தை 38.2. மச்சான் 84. அத்தையின் சளியில் கிருமி தெரியவில்லை. மச்சானின் காயம் மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. முழங்கையில் செதில் இன்னும் உதிர்கிறது. எச்பிஏ1சியை மூன்று மாதம் முடிந்த பிறகுதான் பார்க்க முடியும். வாராந்திர ஊசியைப் பற்றிய பேச்சை அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கலாம் என்று தள்ளிவைத்திருக்கிறோம். அத்தைக்கு 42 கிலோவைத் தாண்டி, காசநோய் மருந்தும் முடிந்த பிறகு, இன்சுலினிலிருந்து மெட்ஃபார்மினுக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.